சபையிடம் கணக்குக் கேட்பது எப்படி?

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் மன்னார் நகரில் எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மேடு பள்ளம் அதிகமில்லாத தட்டையான தீவு இது. தண்ணீர் தானாக ஓடாது; வடிகால் வெட்டித்தான் ஓட வைக்க வேண்டும். அதற்கென்று சபை இருக்கிறது. சபைக்கு நாம் கட்டும் சோலைவரி இருக்கிறது. வடிகாலுக்கும் வீதிக்கும் பாதீட்டில் பணம் ஒதுக்குகிறார்கள். அந்தப் பணம் உங்கள் ஒழுங்கைக்கு வந்ததா, வந்து என்ன ஆனது என்பதை நீங்களே கண்டுபிடிப்பதற்கான வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

"என்ன செய்தீர்கள்?" என்று ஆளைக் கேட்டால் விளக்கம் கிடைக்கும். விளக்கத்தை அளக்க முடியாது. "அந்த வேலையின் தாளைத் தாருங்கள்" என்று கேட்டால் எண்கள் கிடைக்கும். எண்களை ஒழுங்கைக்குக் கொண்டுபோய் அளவு நாடாவை விரித்து ஒப்பிடலாம். தாளைக் கேட்பது, இடத்தில் வைத்துப் பார்ப்பது: இந்த இரண்டும் கைவந்தால் போதும்.

## சட்டம் தருவது என்ன?

2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தகவல் அறிவதை அடிப்படை உரிமையாக்கியது. அதன்படி வந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. மன்னார் நகர சபை, மன்னார், நானாட்டான், மாந்தை மேற்கு, முசலி பிரதேச சபைகள் ஆகிய ஐந்தும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. நினைவில் வைக்க வேண்டியவை ஐந்து:

- ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை.
- எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும்.
- உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக இருக்கும் சங்கமும் கேட்கலாம். மீனவர் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம் எல்லாம் இதில் அடங்கும்.
- பிரதியாக மட்டுமல்லாமல், கோப்பை நேரில் பார்வையிடவும் நடக்கும் வேலையைப் போய்ப் பார்க்கவும் கேட்கலாம்.
- மறுத்தால் அதற்கான சட்டக் காரணத்தை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

குறிப்பு: 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6இல்தான் நடந்தது. இடையில் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமலே சபைகள் இயங்கின. "அது எங்கள் காலம் இல்லை" என்ற பதில் தகவல் மறுக்கக் காரணமாகாது. ஆட்கள் மாறினாலும் கோப்பு சபையுடையதே.

## படி 1: யாருடைய வேலை என்று உறுதிசெய்யுங்கள்

பாதி மனுக்கள் தவறான கதவைத் தட்டியே வீணாகின்றன. பேனாவை எடுக்குமுன் இந்தப் பட்டியலைப் பாருங்கள்:

- உள்வீதி, ஒழுங்கை, அதன் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பொதுச்சந்தை, கட்டாக்காலி மாடும் கழுதையும்: நகர சபை அல்லது பிரதேச சபை.
- மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரும் ஏ-14, யாழ்ப்பாண வீதியான ஏ-32: வீதி அபிவிருத்தி அதிகார சபை. இவற்றின் ஓர வடிகால் பற்றியும் முதலில் அங்கேயே கேளுங்கள்.
- மாகாண வீதிகள்: வட மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம்.
- குழாய்நீர்: தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை.
- காணி, நிவாரணம், வீட்டுத்திட்டம்: பிரதேச செயலகம், அல்லது நம்மவர் இன்னும் கச்சேரி என்றே சொல்லும் மாவட்டச் செயலகம்.

பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்கள் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஊர் மன்னார்த் தீவில் இருந்தாலும் நகர சபைக்குள் இல்லை. மன்னார் பிரதேச சபைக்குள் இருக்கிறது. இரண்டு சபைகளின் பெயரிலும் மன்னார் இருப்பதால் முகவரி அடிக்கடி பிழைக்கிறது.

சந்தேகம் தீராவிட்டால் முதல் மனுவில் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: "இந்த வீதி உங்கள் சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா? இருந்தால் அந்தப் பக்கத்தின் பிரதி தேவை."

## படி 2: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

இப்படிக் கேட்காதீர்கள்: "கடந்த பத்து வருடத்தில் சபை செய்த எல்லா வேலைகளினதும் விபரம் வேண்டும்." அலுவலகத்தில் கோப்புகளைத் தேடும் ஆள் ஒருவராகவே இருப்பார். பதில் தாமதமாகும், வந்தாலும் உங்களால் வாசித்து முடிக்க இயலாது.

இப்படிக் கேளுங்கள்: "இந்த ஒழுங்கையில், இந்த ஆண்டு, இந்த வடிகால்."

ஒரு இடம், ஒரு ஆண்டு, ஒரு வேலை. இந்த மூன்றும் ஒரே வரியில் அடங்கினால் கேள்வி சரியான அளவில் இருக்கிறது. முதல் மனுவில் வெற்றி கண்டபின் இரண்டாவதில் சந்தைக் குத்தகைக்கோ குப்பை வண்டியின் எரிபொருளுக்கோ போகலாம்.

## படி 3: மனுவை எழுதுங்கள்

'ஆர்.டி.ஐ. 01' என்ற படிவம் அலுவலகத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாள் போதும். மாதிரி இது:

> தகவல் அலுவலர்,
> மன்னார் நகர சபை, மன்னார்.
>
> 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் கோரல்
>
> ........ வட்டாரம், ........ ஒழுங்கையில் ........ ஆம் ஆண்டு செய்யப்பட்ட கொங்கிறீட் வடிகால் வேலை தொடர்பாகப் பின்வருவனவற்றின் பிரதிகளைத் தமிழில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்:
>
> 1. மதிப்பீடும் அளவுப் பட்டியலும்.
> 2. ஒப்பந்தம்.
> 3. தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையொப்பமிட்ட இறுதி அளவீட்டுத் தாள்.
> 4. பணம் கொடுத்ததற்கான வவுச்சர்களும், பிடித்து வைத்த பணம் எவ்வளவு, அதை விடுவிக்கும் திகதி எது என்பதைக் காட்டும் ஆவணமும்.
> 5. வேலையில் மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அதற்கான அனுமதி.
>
> நான் ஒரு இலங்கைப் பிரஜை.
> பெயர், முகவரி, கையொப்பம், திகதி.

இந்த ஐந்தும் ஒன்றையொன்று சரிபார்க்கும். மதிப்பீடு திட்டமிட்டதைச் சொல்லும், அளவீட்டுத் தாள் செய்ததாகக் கணித்ததைச் சொல்லும், வவுச்சர் கொடுத்த பணத்தைச் சொல்லும். ஒழுங்கை உள்ளதைச் சொல்லும்.

உதவிக்குறிப்பு: "ஏன் தாமதம்?", "யார் பொறுப்பு?" என்று எழுதாதீர்கள். சட்டம் தருவது பதிவில் உள்ள தகவலை. "ஏன்" என்பதற்குப் பதிவு இருக்காது. "தாமதத்துக்காக அனுப்பிய கடிதங்களின் பிரதி" என்று மாற்றுங்கள். அதே பதில் தாளில் வரும்.

## படி 4: கையளியுங்கள், ஒப்புகை வாங்குங்கள்

1. மனுவில் இரண்டு பிரதி எடுங்கள்.
2. தகவல் அலுவலரின் பெயரும் கட்டண விபரமும் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். யாரும் நியமிக்கப்படவில்லை என்றால் அந்த அலுவலகத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார்.
3. உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள், அல்லது ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். அது இல்லாமல் படியிறங்காதீர்கள்.
4. வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். நேரே தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தப் பற்றுச்சீட்டே உங்கள் ஒப்புகை.

மனுக் கொடுப்பதற்குக் கட்டணம் இல்லை. பிரதிகளுக்கு மட்டும் சிறு கட்டணம் அறவிடலாம். எந்தப் பணத்தையும் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள்.

## படி 5: நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள்

மனுக் கொடுத்த அன்றே இந்தத் திகதிகளைக் குறித்துவிடுங்கள்:

1. 14 வேலை நாட்கள்: தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறைகளைக் கழித்து எண்ணுங்கள்.
2. அதன்பின் 14 நாட்கள்: தருவதாகச் சொன்ன தகவலைத் தர வேண்டும். ஆவணங்கள் மிக அதிகம் என்பது போன்ற காரணத்தை உங்களுக்கு அறிவித்து, மேலும் 21 நாள் வரை எடுக்கலாம்.
3. மறுத்தால், அல்லது பதிலே இல்லாவிட்டால் 14 நாட்களுக்குள்: அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று நியமிக்கப்பட்ட அலுவலருக்கு 'ஆர்.டி.ஐ. 10' படிவத்தில் எழுதுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.
4. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள்: கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். மனு, ஒப்புகை, மேன்முறையீடு எல்லாவற்றினதும் பிரதிகளை இணையுங்கள். சட்டத்தரணி தேவையில்லை.

ஒருவரின் உயிருக்கோ தனிப்பட்ட சுதந்திரத்துக்கோ தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும்.

"கோப்பைக் காணவில்லை" என்ற பதில் வந்தால் சோர்ந்து போகாதீர்கள். சட்டம் வந்தபின் உருவான ஆவணங்களைக் குறைந்தது 12 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். "காணவில்லை" என்பதை எழுத்தில் கேளுங்கள். வாயால் எளிதாகச் சொல்பவர் அதில் கையொப்பமிடுமுன் இன்னொரு முறை அலுமாரியைத் திறந்து பார்ப்பார்.

## படி 6: தாளோடு ஒழுங்கைக்குப் போங்கள்

தாள் வந்ததும் பலர் அதை முகநூலில் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். வேலை இனித்தான் தொடங்குகிறது. தேவையானவை: 30 மீற்றர் அளவு நாடா, சுண்ணக்கட்டி, கொப்பி, கைத்தொலைபேசி, கூட இரண்டு பேர்.

1. வடிகாலின் தொடக்கத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். நாடாவின் சுழியத்தை அதில் வைத்து ஒருவர் பிடிக்கட்டும்.
2. 30 மீற்றருக்கு ஒரு கோடாக முடிவுவரை போங்கள். கொப்பியில் எழுதுபவர் நாடா பிடிப்பவராக இருக்கக் கூடாது.
3. மூன்று இடங்களில் உள்ளகலமும் ஆழமும் பக்கச்சுவர்த் தடிப்பும் எடுங்கள். மண் நிறைந்த இடத்தைக் கிளறி, அடித்தளம் வரை நாடா இறங்கியபின் ஆழத்தைக் குறியுங்கள்.
4. ஒவ்வோர் அளவையும் நாடாவின் எண் தெரியப் படமெடுங்கள். பின்னணியில் ஒரு மதிலோ படலையோ மின்கம்பமோ விழட்டும். இடத்தை மறுக்க முடியாது.
5. ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். அளவெல்லாம் சரியாக இருந்தும் சரிவு பிழைத்த வடிகால் நுளம்புக்குத்தான் உதவும்.

இப்போது ஒப்பிடுங்கள். தாளில் 120 மீற்றர், நாடாவில் 96 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். உடனே "களவு" என்று கத்தாதீர்கள். மிச்சம் 24 மீற்றர் குறுக்கு ஒழுங்கையில் கட்டப்பட்டிருக்கலாம். வேலை இடையில் குறைக்கப்பட்டுப் பணமும் குறைக்கப்பட்டிருக்கலாம். அதற்காகத்தான் மாதிரி மனுவில் ஐந்தாவது கேள்வி. அனுமதித் தாளும் இல்லை, வவுச்சரில் 120 மீற்றருக்கும் பணம் போயிருக்கிறது என்றால் உங்கள் கையில் உள்ளது உறுதியான கேள்வி.

உதவிக்குறிப்பு: ஒப்பந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் குறைபாடு திருத்தும் காலம் முடியும்வரை சபை பிடித்து வைப்பது வழமை. அந்தத் திகதிக்கு முன் வெடிப்பையும் சரிவுப் பிழையையும் எழுத்தில் கொடுத்தால் ஒப்பந்தகாரர் தன் செலவிலேயே திருத்த வேண்டும். காலம் கடந்தால் திருத்தச் செலவு மறுபடி நம் வரிப்பணம்.

## படி 7: கண்டதைச் சபைக்குக் கொண்டுபோங்கள்

இந்த வரிசையில் போங்கள், படி தாண்டாதீர்கள்.

1. செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம். தாளின் அளவு, இடத்தின் அளவு, படங்கள். விளக்கம் கேளுங்கள், திகதி குறிப்பிடுங்கள்.
2. வட்டார உறுப்பினர். அடுத்த அமர்வில் கேள்வியாகவோ பிரேரணையாகவோ கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு அந்த அமர்வின் கூட்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்காகப் பேசியது யார், பேசாதது யார் என்பது அதில் இருக்கும்.
3. உள்ளூராட்சி உதவி ஆணையாளர். மாவட்டத்துச் சபைகளை மேற்பார்க்கும் மாகாண அதிகாரி.
4. தேசிய கணக்காய்வு அலுவலகம். சபைகளின் கணக்கை ஆண்டுதோறும் பார்ப்பது இதுதான். உங்கள் சபை பற்றிய அறிக்கைகளை அதன் இணையத்தளத்தில் தேடுங்கள். 'நிலுவை', 'பயன்படுத்தப்படாத', 'கைவிடப்பட்ட' என்ற சொற்கள் வரும் பந்திகளை முதலில் வாசியுங்கள்.
5. இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. பணம் கைமாறியதற்கு அடையாளம் இருந்தால் மட்டும்.

இந்த வழி நம் அயலில் ஏற்கெனவே பலன் தந்தது. இந்தியாவின் ராஜஸ்தானில் 1994இல் அருணா ராய் உள்ளிட்டோர் நடத்திய தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு கிராமப் பொது விசாரணைகளைத் தொடங்கியது. வேலைப் பதிவேடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். கூலி வாங்கியதாகப் பெயர் இருந்தவர்களே எழுந்து, தாம் அந்த வேலைக்குப் போகவில்லை என்றார்கள். அங்கிருந்து வளர்ந்த இயக்கமே 2005இல் இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டமாக முடிந்தது. கோயில் முன்றிலிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ உங்கள் ஊரும் ஒரு மாலை கூடி ஒரு வடிகாலின் கணக்கை வாசிக்கலாம். தவிசாளரையும் உறுப்பினரையும் மரியாதையாக அழையுங்கள். பதில் சொல்ல இடம் கொடுங்கள்.

## பெரிய திட்டங்கள் வரும்போது

தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனிக் காற்றாலைகள் 30. மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாட். மின்சார சபையின் திட்டமாக இது 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் வீதிக்கு இறங்கி, காற்றாலைப் பாகங்கள் ஏற்றிவந்த வாகனங்களை மறித்தார்கள். நிலைமை அந்த இடத்துக்கு வருமுன்பே கேட்க வேண்டிய தாள்கள் உண்டு:

- உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேலான, அல்லது வெளிநாட்டுப் பணத்தில் ஓர் இலட்சம் டொலருக்கு மேலான திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் தகவலை மக்களுக்கு அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. தகவல் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.
- சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்காக 30 வேலை நாட்கள் திறந்திருக்கும். அந்த நாட்களுக்குள் எழுதிக் கொடுங்கள்.
- நகர சபையிடமும் பிரதேச சபையிடமும் கேட்க வேண்டியவை: உங்கள் வீதியைப் பயன்படுத்த, வடிகாலைக் கடக்க, கட்டடம் கட்டக் கொடுத்த அனுமதிகளின் பிரதிகள்.

## அடிக்கடி நடக்கும் பிழைகள்

1. ஒரே மனுவில் இருபது கேள்வி. ஐந்தோடு நிறுத்துங்கள்.
2. மனுவில் குற்றச்சாட்டு எழுதுவது. மனு தகவல் கேட்பதற்கு. முறைப்பாடு வேறு தாள்.
3. "நாளைக்கு வாங்கோ" என்பதை நம்பி நாள் தவற விடுவது. மேன்முறையீட்டுக்கு உள்ளது 14 நாள்தான்.
4. மூலப்பிரதியைக் கொடுத்துவிடுவது. எப்போதும் பிரதியைக் கொடுங்கள்.
5. கட்சிக்காகக் கேட்பது. பிடிக்காத தவிசாளரிடம் மட்டும் கணக்குக் கேட்டால் ஊர் உங்களை நம்பாது. நீங்கள் வாக்களித்தவரிடம் முதலில் கேளுங்கள்.
6. தன் சங்கத்தின் கணக்கை மறைப்பது. சிறு வேலைகளைச் சபைகள் ஊர்ச் சங்கங்களுக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பதுண்டு. உங்கள் சங்கம் வேலை எடுத்திருந்தால் அதன் வவுச்சர்களைப் பொதுக்கூட்டத்தில் முதலில் வையுங்கள்.

## பாதுகாப்பு

- தனியே போகாதீர்கள். முடிந்தவரை சங்கத்தின் பெயரில் மனுக் கொடுங்கள். தனியாக வாழும் பெண்களுக்கு இது மிக முக்கியம்.
- எல்லாத் தாளையும் படமெடுத்து, வேறு வீட்டிலுள்ள ஒருவரிடம் ஒரு தொகுதி கொடுத்து வையுங்கள்.
- சரிபார்க்காத எதையும் முகநூலிலோ வட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கள்ளன் என்று எழுதினால் வழக்கு உங்கள்மேல் வரும், வடிகால் மறக்கப்படும்.
- உதவி பெற்ற ஏழைகளின் பெயர், அடையாள அட்டை இலக்கங்களைப் பரப்பாதீர்கள். கணக்குக் கேட்பது சபையிடம்; அயலாரை வெட்கப்படுத்த அல்ல.
- நடந்துகொண்டிருக்கும் வேலையிடத்தில் குழிக்குள் இறங்காதீர்கள். மழை நாளில் மின்கம்பத்தருகே அளக்க வேண்டாம்.
- யாராவது மிரட்டினால் அன்றே திகதி, நேரம், சொன்ன சொற்களை எழுதுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996.
- தகவல் தந்த உத்தியோகத்தரைக் காட்டிக்கொடுக்காதீர்கள். சட்டப்படி தரக்கூடிய தகவலைத் தந்ததற்காக அவரைத் தண்டிக்க முடியாது. ஆனாலும் நன்றியை நேரில் சொன்னால் போதும்.

## இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு ஒழுங்கையைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு அயலாரைச் சேருங்கள். மாதிரி மனுவின் இடைவெளிகளை நிரப்புங்கள். திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் கொடுத்து, முத்திரை வாங்கி வாருங்கள்.

கணக்குச் சரியாக இருந்தால் அதையும் ஊருக்குச் சொல்லுங்கள். நேர்மையாக உழைத்த உத்தியோகத்தருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அது. பிழையாக இருந்தால் திருத்தும்வரை விடாதீர்கள். அடுத்த கார்த்திகைக்குள் உங்கள் வடிகால் ஓட வேண்டும்.